கழிவுநீர் அறையில் சேர்ந்த அண்ணன் தம்பி

வேலூரில் நான் வேலை பார்த்த நெட்வொர்க் சர்வீஸ் கம்பெனியில் எனக்குப் பிரிவு உபசார டீ கொடுத்த அன்று, புதிதாகச் சேர்ந்திருந்த எஞ்சினியர் ஒருவர் ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். இப்போது வரும் வைஃபை பெட்டிகளைக் கூரையில் மாட்டி கரண்ட் கொடுத்தால் போதும், அதுவே இன்டர்நெட்டில் போய் எங்கேயோ இருக்கிற சர்வரிடம் பெயர் கொடுத்துக்கொள்கிறது. இந்த வேலைக்கா சார் இத்தனை வருஷம் ஆள் வைத்திருந்தார்கள் என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார், அதுதான் கொஞ்சம் வலித்தது. சமோசாவை மென்றபடி, ஆமாம்பா, சும்மாதான் வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகுதான் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு ஓடிவரும் ரகம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. ஆஸ்பத்திரி, காலேஜ், ஃபேக்டரி எங்கே போனாலும் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். ஆக்சஸ் பாயிண்ட் என்று பெயர். பாதிப் பேர் அதைப் புகை வந்தால் கத்துகிற கருவி என்று நினைத்துக்கொண்டு அதன் கீழே நின்று பீடி பிடிக்கப் பயப்படுவார்கள். நாங்கள் மாட்டிய ரகத்துக்குச் சொந்த புத்தி கிடையாது. வைஃபைக்கு என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு, யாரை உள்ளே விடலாம் என்று எல்லாவற்றையும் சொல்லித்தர, சர்வர் ரூமில் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். கூரையில் இருப்பவை அதன் வேலையாட்கள்.

வேடிக்கை என்னவென்றால், வேலையாளுக்குத் தன் முதலாளி யாரென்று தெரியாது. கரண்ட் வந்ததும் தேட ஆரம்பிக்கும். ஏற்கெனவே யாரிடமாவது வேலை பார்த்த ஞாபகம் இருந்தால் முதலில் அங்கே போய்க் கூப்பிடும். ஞாபகம் இல்லையென்றால், நெட்வொர்க்கில் தனக்கு எண் ஒதுக்கிய பெட்டி கூடவே முதலாளியின் விலாசத்தையும் கொடுத்திருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் பெயரைச் சொல்லி விசாரிக்கும். ஒன்றும் பலிக்காவிட்டால் நடுத்தெருவில் நின்று, இங்கே கன்ட்ரோலர் யாராவது இருக்கிறீர்களா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும். இரண்டு பேர் பதில் சொன்னால், எவரிடம் இடம் ஜாஸ்தி காலியாக இருக்கிறதோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு அந்த வீட்டு விசுவாசி. தன்னை விலை கொடுத்து வாங்கியது யார், கரண்ட் பில் கட்டுவது யார் என்பதெல்லாம் அதற்கு வேண்டாத விஷயம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் சுவாரசியம் ஒன்றுமில்லை. டிப்ளமா முடித்தேன், ராணிப்பேட்டையில் டிவி ரிப்பேர் செய்தேன், டிவிகள் கெட்டுப்போவதை நிறுத்திவிட்டதால் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். வேலூரில் குணசீலன் சாரின் இந்தக் கம்பெனிக் கடையில் சேர்ந்தேன், அங்கேயே தலை நரைத்தேன்.

குணசீலன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் ஷெட்டுக்குள் போவதென்றாலும் வெள்ளை முழுக்கைச் சட்டைதான். டீ குடிக்கத் தன் சொந்த எவர்சில்வர் டம்ளரைப் பையில் கொண்டு வருவார். கீபோர்டைத் தொட மாட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைத் தட்டச் சொல்லுவார். மெஷினைப் பற்றிப் பேசும்போது அவர், இவர் என்று மரியாதை. எங்களைப் பற்றிப் பேசும்போது அவன், இவன். கேபிளைப் பிடுங்கிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் மூஞ்சி மாறிவிடும். பிடுங்கக் கூடாது, கேபிளோடு நடந்து போக வேண்டும், அது எங்கே முடிகிறதோ அங்கே போய் நின்றுவிட்டுத்தான் பேச வேண்டும். ரிப்போர்ட்டில் 'தப்பு' என்ற சொல்லே வரக் கூடாது. எவ்வளவு பெரிய கோளாறும் அவருடைய ரிப்போர்ட்டில் 'எதிர்பாராத இணைப்பு' என்றுதான் இருக்கும். கடைசியாக ஒன்று. வேலை முடிந்தால் அந்த இடத்து சிஸ்டம் இன்சார்ஜ் வந்து தன் கையால் சுவிட்ச் போட்டு, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் ஒப்படைப்பார். முதலாளியே வந்தாலும் ஒப்படைக்க மாட்டார்.

ஏலகிரியில் ஒரு லாட்ஜில் புதிதாக மாட்டிய பெட்டிகள் எல்லாம் முதலாளியைத் தேடித் தேடி விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தன. நாங்கள் மலையேறி ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். சார் வந்தார், ரிசப்ஷனில் உட்கார்ந்து டம்ளரை எடுத்தார், நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "இவரு யாரைத் தேடுறாரு, அதைக் கேட்டீங்களா?" என்றார். நாங்கள் கேட்கவில்லை. ரிசப்ஷன் டிவிக்குப் பின்னால் லாட்ஜ்காரர் எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோன ஒரு சின்ன ரவுட்டர், எங்கள் பெட்டிகளுக்கெல்லாம் எண் கொடுத்துக்கொண்டிருந்தது. எண் கொடுத்தது சரி, கன்ட்ரோலரின் விலாசம் அதற்கு எப்படித் தெரியும்? அதை எடுத்து வைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. சார் அன்றைக்கு எங்களைத் திட்டக்கூட இல்லை, லாட்ஜ்காரர் கொடுத்த பிஸ்கட்டை மட்டும் தனியாகச் சாப்பிட்டார்.

இனி ஆம்பூர். ஊருக்கு வெளியே ஒரே காம்பவுண்டுக்குள் தோல் ஷெட்டும் ஷூ தைக்கும் ஹாலும் இருந்த ஃபேக்டரி அது. அண்ணன், தம்பி இரண்டு பேர் முதலாளிகள். தொழிலாளிகள் வாயில் பெரியவர், சின்னவர். அவர்களுக்குள் ஒத்துவராமல் பாகம் பிரித்தார்கள். நடுவில் மதில் எழும்பியது. தையல் மெஷின், லாரி, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள், கேன்டீன் இட்லிக் குண்டான் வரைக்கும் பங்கு போட்டாயிற்று. பங்கு போடாமல் விட்டது ஒன்றே ஒன்று, கழிவுநீர்த் தொட்டி. இரண்டு பக்கத்து ஷெட் தண்ணீரும் மதில் ஓரத்தில் ஒரே தொட்டியில் விழுந்து, அங்கிருந்து ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். கழிவுநீர் எனக்குத்தான் வேண்டும் என்று சண்டை போட்ட தோல் முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

வைஃபை இரண்டு பக்கமும் எங்கள் கடைதான் போட்டது, ஒரே கம்பெனி சரக்கு. பிரிந்த பிறகு பெரியவர் கௌரவத்துக்காகத் தேவைக்கு மேல் பெரிய கன்ட்ரோலராக வாங்கிப் போட்டார், பாதி காலியாகவே கிடந்தது. சின்னவருக்குப் பழைய பெட்டியே பங்கில் வந்தது.

சின்னவர் பக்கம் சிஸ்டம் இன்சார்ஜ் ஸ்டெல்லா. ஆலங்காயத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் தும்மினாலும் எங்களுக்குப் போன் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்து முடித்திருப்பார். அவருடைய கணவர் பெரியவர் பக்கம் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். பாகப்பிரிவினையில் ஃபேக்டரியைப் பிரித்தவர்கள் புருஷன் பெண்டாட்டியையும் சேர்த்துப் பிரித்துவிட்டார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது கேலியாகவே போயிருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை சின்னவரைப் பார்க்க வெளிநாட்டு பையர் ஆட்கள் வந்தார்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தவர்களுக்கு வைஃபை பட்டியலில் சின்னவர் கம்பெனிப் பெயரே இல்லை. பெரியவர் கம்பெனிப் பெயர் இருந்தது, அதுவும் முழு சிக்னலோடு. நீங்கள் இன்னும் பிரியவில்லையா என்று வந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். அதே நேரம் கீழே பேக்கிங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்கிற கருவிகள் ஒன்றும் வேலை செய்யவில்லை. அவற்றுக்குச் சின்னவர் வைஃபை பெயரை மட்டும்தான் தெரியும். ஸ்கேன் ஆகாமல் பெட்டி ஏறாது, சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

சின்னவர் நேராகத் தையல் ஹாலுக்கு இறங்கி வந்தார். ஸ்டெல்லா அங்கே ஒரு ஸ்கேனரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹால் முழுக்கப் பெண்கள், மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னவர் சத்தம் போட்டதில் வரிசை வரிசையாக மெஷின்கள் நின்றுவிட்டன என்று பிறகு சொன்னார்கள்.

"புருஷன் அந்தப் பக்கம், பொண்டாட்டி இந்தப் பக்கம். ஃபேக்டரிய என் அண்ணனுக்கு வித்துட்டு இங்க இன்னா புடுங்கினு இருக்கற?"

அதோடு கேட்டுக்கு வெளியே போகச் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா கேட்டுக்கு வெளியே நின்றுதான் எனக்குப் போன் செய்தார். அழவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

"ஏழுமலை அண்ணா, நான் எதையும் தொடல. வேலை போனா போவட்டும், வேற பாத்துக்கறேன். ஆனா இந்தப் பேரோட போனா ராணிப்பேட்டை வரைக்கும் எவன்ணா என்னை உள்ள விடுவான்?"

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கம் தோல் கம்பெனிகளில் சர்டிபிகேட் போய்ச் சேர்வதற்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். கை சுத்தமில்லை என்று ஒரு கேட்டில் சொன்னால் எல்லா கேட்டும் மூடிக்கொள்ளும். அந்தப் பெண் அப்படிச் செய்யாது என்று தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

சாரும் நானும் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது சின்னவர் எங்களுக்காகவே காத்திருந்தார். கோளாறைச் சரி செய்வது இரண்டாம்பட்சம், உள்ளே இருக்கிற ஆள்தான் இதைச் செய்தார் என்று முதலில் எழுதிக் கொடுங்கள் என்றார். சார் கூரையைக் காட்டினார்.

"இருங்க சார், முதல்ல அவரைக் கேப்போம்."

ஸ்டோரிலிருந்து உறை பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பழையதற்கு முன் ஞாபகம் இருக்கும், அது சொல்வதை நம்ப முடியாது. புதிதுக்கு ஒன்றும் தெரியாது, பொய் சொல்ல வராது என்பது அவர் கணக்கு. மேஜையில் வைத்து, அதன் முதுகில் இருக்கிற துளையில் கன்சோல் கேபிளைச் செருகி என் லேப்டாப்போடு இணைத்தேன். இந்தக் கேபிள் வழியாக, பெட்டி தனக்குள் பேசிக்கொள்வதெல்லாம் திரையில் வரிவரியாக ஓடும். கரண்ட் கொடுத்தேன். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சின்னவர் பின்னால் நின்றார்.

ஞாபகம் ஒன்றுமில்லை என்றது. விலாசம் யாரும் கொடுக்கவில்லை என்றது. பெயர் சொல்லி விசாரித்துப் பார்த்து விட்டுவிட்டது. பிறகு பொதுவாகக் கத்தியது. இரண்டு பதில் வந்தது. ஒன்று சின்னவரின் பழைய பெட்டி, இன்னொன்று மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பெட்டி. எங்கள் கண் முன்னாலேயே, யாரும் கை வைக்காமல், அது பெரியவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டது. லேப்டாப்பில் அவர் கம்பெனிப் பெயர் வந்தது.

"பாத்தீங்களா சார். இவரு இப்பதான் பொறந்தாரு. ஸ்டெல்லாவ இவரு பாத்தது கூட இல்ல," என்றார் குணசீலன் சார்.

இத்தனை நாள் ஒழுங்காகத்தானே இருந்தது, இன்றைக்கு மட்டும் எப்படி என்று சின்னவர் விடவில்லை. நியாயமான கேள்விதான். விசாரித்தோம். ஞாயிற்றுக்கிழமை லைன் வேலைக்காக அந்தப் பக்கமெல்லாம் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் சர்வர் ரூமுக்கு ஜெனரேட்டர் உண்டு, சின்னவர் சர்வர் ரூமுக்குக் கிடையாது. கரண்ட் வந்ததும் கூரையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஞாபகமாகச் சின்னவரின் பெட்டியைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய பெட்டி சோம்பல் முறித்து எழுந்திருப்பதற்குள் பொறுமை போய்த் தெருவில் கத்தியிருக்கிறார்கள், ஜெனரேட்டர்காரர் வாங்கப்பா என்று கூப்பிட்டுக்கொண்டார். ஜெனரேட்டர் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று செலவைக் குறைத்தவர் சின்னவரேதான். அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மதில் தாண்டி அந்தச் சத்தம் எப்படிப் போனது என்பதுதான் மிச்சம். பெரியவர் கன்ட்ரோலரின் குரல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று, எல்லா கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் பார்த்தேன். ஒரு துளையைக் காட்டியது. அதில் செருகியிருந்த நீலக் கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்று சின்னவர் கையை நீட்டினார். சார் அவர் கையையே பிடித்துவிட்டார், வாங்க சார் நடப்போம் என்றார். நடந்தோம். கட்டிங் ஹால் ஓரமாகப் போய், கெமிக்கல் ஸ்டோருக்குப் பின்னால் இறங்கி, தோல் சுற்றும் மர டிரம்களைத் தாண்டி, கேபிள் மதிலோரக் கழிவுநீர்த் தொட்டி அறைக்குள் நுழைந்தது. நானும் நுழைந்தேன். சின்னவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். தன் சொந்தக் கழிவை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தானோ என்னவோ.

உள்ளே சுவரில், எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்கிற மீட்டர் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. அந்த அளவை வைத்துத்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டுவதை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வார்கள். மீட்டரை ஒரு பக்கத்து நெட்வொர்க்கில் மட்டும் இணைத்தால், அளவை மாற்றிக் காட்டிவிடுவார் என்று அடுத்தவருக்குச் சந்தேகம். ஆகவே பெரியவர் தன் பக்கமிருந்து ஒரு கேபிள் அனுப்பினார், சின்னவர் தன் பக்கமிருந்து ஒரு கேபிள் அனுப்பினார். மீட்டர் மாட்ட வந்த ஆள் பாவம், இரண்டு கேபிளையும் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்சில் செருகி, அதிலிருந்து மீட்டருக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதோடு, ஒரே ஃபேக்டரியாக இருந்த காலத்து நெட்வொர்க் எண் வரிசையை இரண்டு பக்கமும் மாற்றாமலே வைத்திருந்தார்கள். வக்கீல் வைத்துப் பிரித்த இரண்டு ஃபேக்டரியும் அந்தச் சாக்கடை ஓரத்தில் மறுபடி ஒன்றாகிவிட்டன.

சார் வெளியே வந்து சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பியிருந்தா இங்க ஒரு கேபிள் போதும் சார். எதுவும் கலந்திருக்காது," என்றார்.

சின்னவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். எவ்வளவு நேரத்தில் சரியாகும் என்று மட்டும் கேட்டார். பெரிய வேலை இல்லை. மீட்டருக்குப் போகிற கேபிளை மற்ற போக்குவரத்தோடு சேராமல் தனி வழியாகப் பிரித்துவிட்டேன். இனிமேல் தெருவில் கத்தாமல் இருக்க, ஒவ்வொரு பெட்டியிலும் உன் முதலாளி இவர்தான் என்று பெயரை எழுதிவைத்தேன். கூரைப் பெட்டிகள் எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சுவிட்சைப் போடப்போன என்னை சார் தடுத்தார்.

"இன்சார்ஜ் எங்க?"

நானே போடுகிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் சின்னவர். சார் பையிலிருந்து டம்ளரை எடுத்தார். நீங்கள் ஓனர், இன்சார்ஜ் இல்லை, இத்தனை வருஷமாக நான் ஓனரிடம் ஒப்படைத்ததே கிடையாது, டீ சொல்கிறீர்களா என்றார். கேட்டில் கன்டெய்னர் டிரைவர் ஹாரன் அடித்தார். சின்னவர் என்னைப் பார்த்தார். நான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டெல்லா வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கழிவுநீர் அறை என்றதும் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு, சின்னவர் எங்கே நின்று சொன்னாரோ அங்கே நின்று இல்லை என்று சொல்லட்டும் அண்ணா, வருகிறேன் என்றார். இதை நான் சின்னவரிடம் போனில் கொஞ்சம் நெய் தடவித்தான் சொன்னேன். அவர் சரி என்றார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தபோதே ஏதோ யோசித்து வைத்திருக்கிறார் என்று பட்டது.

தையல் ஹாலில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாப் பெண்களும் திரும்பி உட்கார்ந்தார்கள். சின்னவர் நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். டெக்னிக்கல், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், ரிக்ரெட் என்று நல்ல இங்கிலீஷ், பையருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி வழவழவென்று இருந்தது. ஹாலில் ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. இங்கிலீஷில் ஏதோ ஆர்டர் வந்திருக்கிறது, ஓவர்டைம் இருக்கும் போல என்று முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். சின்னவர் முடித்துவிட்டுத் திரும்பினார். குணசீலன் சார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா சுவிட்ச் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"சார், திட்டினது தமிழ்ல. இதையும் தமிழ்லயே சொல்லிடுங்க."

குரல் உயரவே இல்லை. வெளியே மறுபடி ஹாரன் கேட்டது. சின்னவர் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, ஸ்டெல்லா மேல தப்பு இல்ல, நான்தான் தெரியாம பேசிட்டேன் என்று முணுமுணுத்தார். இங்கிலீஷில் அவ்வளவு நீளமாக இருந்தது தமிழில் ஒரு வாய்த் தண்ணீர் அளவுக்குக்கூட இல்லை.

பின்வரிசையில் லைனிங் தைக்கிற ஒரு பெண் எழுந்து நின்றார்.

"கேக்கல சார். காலையில பேசினது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

சின்னவர் நிமிர்ந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னார். ஸ்டெல்லா தலையை ஆட்டிவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டார்.